கடல் பொங்கிய வாரத்தில் ஒரு மலைச்சரிவு

அண்மையில் கண்டியில் இளம் நிருபர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்ற பழைய ஆள் என்று என்னையும் பேச அழைத்திருந்தார்கள். பேசி முடித்ததும், வத்தேகமப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்து கேட்டார்.

"ஐயா, எங்கயோ ஒரு நாட்டுல பூமி அதிர்ந்தா நம்ம டவுன்ல உண்டியல் குலுக்குறாங்க. பக்கத்துத் தோட்டத்துல ஒரு லயம் மண்ணுக்குள்ள போனா ஒருத்தரும் திரும்பிப் பாக்குறதில்ல. அது ஏங்க?"

மேடையில் நிற்பவன் ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும். இறந்தவர்களின் தொகை, தொலைக்காட்சிப் படம் என்று எதையோ சொல்லி வைத்தேன். அந்தப் பெண் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். என் பதில் எனக்கே பிடிக்கவில்லை. அவருக்கு நான் மருதாயியின் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருடமாக அதை யாருக்கும் சொல்லாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது அந்தக் காரணம் இல்லை.

கொழும்பிலிருந்து வரும் ஒரு தமிழ் நாளேட்டுக்கு நான் கண்டி நிருபராக இருந்தேன். அப்பா நகரத்துப் புடைவைக் கடையொன்றில் கணக்கெழுதினார். படித்து முடித்து வேலையில்லாமல் இருந்த எனக்கு, கோயில் திருவிழாச் செய்தி ஒன்றை எழுதி அனுப்பப் போய் அதுவே பிழைப்பாகிவிட்டது. ஆரம்ப காலத்தில் தபாற்கந்தோரில் கொழும்புக்கு டிரங் கோல் என்னும் தொலைபேசி அழைப்பைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பேன். படச்சுருளைக் கடித உறையில் போட்டுக் கொழும்பு பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். புறக்கோட்டையில் பத்திரிகைக் கந்தோர் ஆள் நின்று வாங்கிக்கொள்வார். தொழிலை எனக்கு யாரும் உட்கார வைத்துக் கற்பிக்கவில்லை. தொலைபேசியின் அந்தப் பக்கத்திலிருந்து சதாசிவம் ஐயாதான் கற்பித்தார்.

அவர் எங்கள் செய்தி ஆசிரியர், யாழ்ப்பாணத்தவர். நான் சேர்ந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிராது; ஆனாலும் கந்தோரில் எல்லோருக்கும் அவர் ஐயாதான். தொலைபேசியை எடுத்தால் ஹலோ, சுகமா என்று எதுவும் கிடையாது. "சொல்லும்" என்பார். எங்கே, எத்தனை பேர், யார் சொன்னது என்று மூன்று கேள்விகள் அதே ஒழுங்கில் வரும். பிறகு, "இப்ப முதலில இருந்து வாசியும்." வாசிக்கும்போது இடையில் நிறுத்துவார்.

"'பரிதாபமாக' எண்டது என்னத்துக்கு? ஒரு மனிசன் செத்தான் எண்டா அது பரிதாபம்தானே. நீர் கண்டதை எழுதும். உருகிறது வாசிக்கிறவன்ர வேலை."

தேயிலைத் தோட்டங்களின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்வார். "கொழும்பில இருக்கிறவைக்கு உங்கட தோட்டம் எல்லாம் ஒண்டுதான். பேரைப் பிழையாப் போட்டா அந்தச் சனம் இல்லாத சனமாப் போயிடும்" என்பது அவர் வாதம்.

அவரை நான் முழுதாக அறிந்துகொண்டது எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலைக் கலவரத்தில். கண்டித் தெருவில் தமிழ்க் கடைகள் எரிந்தன. அப்பா வேலை செய்த புடைவைக் கடையும் போனது. எங்கள் குடும்பத்தைப் பக்கத்துச் சிங்கள ஆசிரியர் ஒருவர் தன் வீட்டுக்குள் அழைத்து வைத்திருந்தார். அங்கே தொலைபேசி இருந்தது. கொழும்புக்கு எடுத்தேன்.

"ஒண்டும் போடேலாது தம்பி. தணிக்கை" என்றார். நான் வைக்கப் போனேன். "வைக்காதையும். நீர் சொல்லும், நான் எழுதிறன்."

எந்தக் கடை, யாருடையது, யார் எங்கே போனார்கள் என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் எழுதினார். வழக்கம்போல் திருப்பி வாசித்துக் காட்டினார். ஒரு வரியும் அச்சில் வராது என்று இருவருக்கும் தெரியும். அவருடைய கொழும்பு வீடும் அதே வாரத்தில் எரிந்து, அவர் கந்தோர்க் கதிரையிலேயே தூங்கி எழும்பினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

இனி மருதாயி. சுனாமி வந்த அந்த டிசம்பரில் மலைநாட்டில் மழை விடாமல் பெய்தது. கடல் பொங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் மலை சரிந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயத்தின் பாதியை மூடிவிட்டது. நான் பஸ்ஸில் தலாத்துஓயா வழியாகப் போய் இறங்கி, சேற்றில் நடந்து மேலே போனேன்.

சரிந்த இடம் மலையின் தோலை உரித்துப் போட்டதுபோல் சிவப்பாகக் கிடந்தது. தேயிலைச் செடிகள் தலைகீழாக நின்றன. அங்கே இருந்த லயத்தின் மிச்சம் தகரக் கூரையோடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பெக்கோ என்று எல்லோரும் சொல்லும் மண்வெட்டும் இயந்திரம் ஒன்றை, பக்கத்தில் வீதி வேலை செய்த ஒப்பந்தக்காரர் அனுப்பியிருந்தார். அது ஒரு முதிய தம்பதியையும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியையும் வெளியே எடுத்துவிட்டது. மூவரும் உயிரோடு இல்லை. இன்னும் ஒருவர் உள்ளே இருந்தார். அவர் பெருமாள். மருதாயியின் புருசன்.

மருதாயிக்கு நாற்பதுக்கு மேலிருக்கும். கொழுந்து பறிப்பவர். தப்பிய குடும்பங்களைப் பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் மண்டபத்தில், தங்க வைத்திருந்தார்கள். மருதாயி மட்டும் அங்கே இருக்கவில்லை. மண் சரிந்த ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குக் காச்சலுங்க. லயத்துல எங்க காம்பராவுல படுத்திருந்தாரு. நாங்க கொழுந்து நிறுக்க மடுவத்துக்குப் போயிட்டோம். மலை இருமுன மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா லயத்தக் காணோம்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு என்னையே கேட்டார்: "பேப்பர்ல போடுவீங்களா ஐயா? போட்டா மிஷின இன்னும் கொஞ்சம் நாளைக்கு விடுவாங்கன்னு சங்கத்துத் தலைவரு சொன்னாரு."

செய்தியை அனுப்பினேன். உள்பக்கத்தில், விளம்பரங்களுக்கு நடுவில், சிறிதாக வந்தது. தோட்டத்தின் பெயர் மட்டும் பிழையில்லாமல் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கண்டிச் சந்தைப் பக்கம் நின்றேன். "காலி டவுன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள கடல் வந்திட்டாம்" என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் நின்றவர் சிரித்தார். மத்தியானத்துக்குப் பிறகு கண்டியில் எவரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாட்களில் இந்த நகரத்தில் நான் கண்டதை இன்றும் குறைத்துச் சொல்லமாட்டேன். பன்சலை என்னும் பௌத்த விகாரையும் பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் ஒரே வேலையைச் செய்தன. ஒலிபெருக்கி கட்டிய வான்கள் தெருத்தெருவாகப் போயின. வாசலில் நின்ற பெண்கள் உள்ளே ஓடி அரிசியும் சேலையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கலவரத்தில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்த அதே தெருவில், சிங்களப் பெடியன்கள் மட்டக்களப்புக்கும் முல்லைத்தீவுக்கும் போகும் லொறிகளில் மூட்டை ஏற்றினார்கள். அதைப் படம் எடுத்தேன். இந்த ஊருக்கு இப்படியும் ஒரு முகம் இருந்ததா என்று நினைத்தேன்.

நானும் கடலைத் தவிர வேறெதையும் எழுதவில்லை. கந்தோரும் வேறெதையும் கேட்கவில்லை.

சாமான் சேர்க்கும் மண்டபங்களில் ஒன்று பாடசாலையொன்றில் இருந்தது. அங்கே செய்தி எடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பேச்சுக் கேட்டது. தொண்டு வேலைக்கு வந்திருந்த ஆசிரியை ஒருவர் அன்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்:

"அம்மா, இங்க சாமான் சேர்க்கிறது மட்டும்தான். இதெல்லாம் கடல் பக்கத்துல பாதிக்கப்பட்ட ஆக்களுக்கு. உங்களுக்கு ஏதும் வேணும்னா கிராம சேவகர்கிட்டத்தான் கேக்கணும்."

"எனக்குச் சாமான் வேணாங்க. மிஷினு வேணும்."

குரலைக் கேட்டதும் திரும்பினேன். மருதாயி. காலில் செருப்பில்லை. சேலை விளிம்பில் சிவப்பு மண் காய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் விறுவிறென்று வந்தார்.

"மிஷின ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க ஐயா. கடல் பக்கம் வேணுமாம். அவரு இன்னும் உள்ளதான் கெடக்குறாரு."

அவரைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, அழைத்துப் போனேன். அனர்த்த வேலைகளைப் பார்த்த அதிகாரி சிங்களவர், நல்ல மனிதர். பல நாள் தூங்காத கண்கள். இரண்டு தொலைபேசிகளுக்கு நடுவில் இருந்தார். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் அவருக்கு நினைவிருந்தது.

"பெருமாள், இல்லையா? தெரியும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "ஆனா மெஷின் எல்லாம் கீழ போச்சு. என் கையில ஒண்டும் இல்ல, அம்மா."

மருதாயி கோபப்படவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்: "அங்க வந்தது தண்ணி தானுங்களே ஐயா. மண்ணு வெட்டுற மிஷினு அங்க எதுக்குங்க?"

அதிகாரி என்னைப் பார்த்தார். "குழி தோண்ட" என்று சிங்களத்தில் மெல்லச் சொன்னார். அதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த அறையில் இன்னொருவரும் இருந்தார். கண்டிக்குப் பக்கத்துத் திகனயில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த சலீம் ஹாஜியார். கிழக்குக்குச் சாமான் கொண்டுபோகும் லொறிக்கு அனுமதி வாங்க வந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, சவரம் செய்யாத முகம். அவர்தான் சொன்னார்.

"மையத்து அடக்கத்தான் தங்கச்சி. அங்க ஈக்கிற கூட்டத்துக்குக் கையால தோண்டி முடியாது. என்ட தங்கச்சிய நான் அப்படியொரு குழியிலதான் வெச்சிட்டு வாரேன். அவட மகள இன்னும் காணல்ல. எங்க தேடுறண்டும் தெரியல்ல."

மருதாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அதிகாரியைப் பார்த்து, "அப்போ அந்த மிஷினு அங்கனயே இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

ஹாஜியார் அனுமதியை வாங்காமலே எழுந்து அவருக்குப் பின்னால் போனார். படியிறங்கும் இடத்தில் நிறுத்தினார். திகனயில் சுண்ணாம்புக்கல் உடைக்கும் இடத்தில் தன் மச்சானின் பெக்கோ ஒன்று நிற்கிறது என்றார். "அது பழசு. கடல் பக்கம் கொண்டுபோக ஏலாதுண்டு விட்டுட்டோம். உங்கட மலைக்கு ஏறும். நான் அனுப்புறேன்."

அன்று பின்னேரம் சதாசிவம் ஐயாவுக்கு எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். வழக்கமான மூன்று கேள்விகளையும் அவர் கேட்கவில்லை.

"இந்தக் கிழமை இடமில்லைத் தம்பி. உமக்குப் பொய் சொல்லமாட்டன். பக்கமெல்லாம் கடல்தான்." பிறகு சொன்னார்: "ஆனா நீர் போம். மெஷின் வேலை செய்யேக்க கமெராவோட பக்கத்தில நில்லும். பத்திரிகைக்காரன் நிண்டா இடையில நிப்பாட்ட யோசிப்பினம்."

"போடாத செய்திக்குப் போறதா ஐயா?"

"ஓம். போடாத செய்திக்குத்தான்."

லொறியில் ஏற்றிவந்த அந்தப் பழைய இயந்திரம் இருமி இருமி மலையேறியது. அதை ஓட்டியவர் திகனக்காரர், சிங்களவர். மருதாயி தன் காம்பரா இருந்த இடத்தைக் கை காட்டினார். ஓட்டுநர் மண்ணை அவசரப்படாமல், மேல்மேலாக வழித்து எடுத்தார். கட்டில் கிடைத்தது. நசுங்கிய சட்டி பானைகள் கிடைத்தன. சுவரில் தொங்கிய சாமி படத்தின் சட்டம் கிடைத்தது. பெருமாள் இல்லை.

மத்தியானத்துக்குப் பிறகு மழை தூறத் தொடங்கியது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை ஜீப்பில் வந்து இறங்கினார். மேலே மண் இன்னும் நெகிழ்ந்திருக்கிறது, ஆபத்து, நிறுத்துங்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் இன்று நிறுத்தினால் இயந்திரம் மறுபடி வராது என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. துரையின் பார்வை என் கமெராவில் விழுந்தது. "எந்தப் பேப்பர்?" என்று கேட்டார். சொன்னேன். மழை பலக்கும்வரை செய்யலாம் என்று சொல்லிவிட்டு ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் கமெராவைக் கீழே இறக்காமல் நின்றேன். அதில் அப்போது படச்சுருள் முடிந்திருந்தது.

காம்பரா இருந்த இடத்தில் இனித் தோண்ட எதுவும் இல்லை. இயந்திரத்தைத் திருப்புவதற்காகக் கீழ்ப்பக்கத்து மண்ணைக் கொஞ்சம் விலக்கியபோது ஓட்டுநர் சட்டென்று நிறுத்திவிட்டு இறங்கினார். பெருமாள் அங்கே இருந்தார். லயத்திலிருந்து நல்ல தூரம், தண்ணீர்ப் பீலியையும் தாண்டி, கொழுந்து மடுவத்துக்குப் போகும் பாதையில்.

ஆண்கள் மண்வெட்டியை விட்டுவிட்டுக் கையால் மண்ணை விலக்கினார்கள். மருதாயி கிட்டே வந்து குனிந்து முகத்தைத் துடைத்தார். பிறகு லயம் இருந்த இடத்தையும் அந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்திரிச்சுக் கஞ்சி குடிக்க ஏலாம கெடந்த மனுசன். இம்புட்டுத் தூரம் வந்திருக்காரே."

சத்தம் கேட்டு ஓடியிருப்பார் என்று ஒருவர் சொன்னார். உன்னைத் தேடித்தான் வந்திருப்பார் என்று ஒரு கிழவி சொன்னாள். பொழுது சாய்வதற்குள் தேயிலைக்கு நடுவில் இருந்த மயானத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அப்போதுதான் அவர் சத்தம் போட்டு அழுதார். அவர் அழுவதைக் கேட்டு மற்றப் பெண்களுக்கு ஒரு நிம்மதி வந்ததை நான் கண்டேன்.

சில நாள் கழித்து சதாசிவம் ஐயா அந்தச் செய்தியைப் போட்டார். நடுப்பக்கத்தில், ஒரு சொல்லையும் வெட்டாமல். அதனால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. கண்டிக் கடைக்காரர் ஒருவர் பாய்களும் போர்வைகளும் அனுப்பினார். புது வீடு கட்டித் தருவதாகச் சொன்னவர்கள் கடல் பக்கம் போனார்கள். பிள்ளைக் காம்பராவில் இருந்த குடும்பங்கள் அடுத்த மழைக்காலத்திலும் அங்கேதான் இருந்தன.

பெருமாளின் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஹாஜியார் வந்தார். நானும் போயிருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு மருதாயி அவரிடம், "அந்தப் புள்ள கெடச்சிச்சுங்களா?" என்று கேட்டார்.

"இல்ல தங்கச்சி." அவர் தன் தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வயதான உம்மா, மகளோடு கடற்கரை ஊரில்தான் இருந்திருக்கிறார். யாரோ கூரையில் ஏற்றிவிட்டதால் தப்பியிருக்கிறார். மகளை அடக்கியாயிற்று. ஆனால் பேத்தியைக் காணும்வரை அந்த இடத்தை விட்டு வரமாட்டேன் என்று, இடிந்த வீட்டு வாசலில் கூடாரத்துக்குள் இருக்கிறார். "நான் எத்தினையோ தரம் கூப்பிட்டுட்டேன். சோறும் ஒழுங்கா உங்கல்ல. இனி அவவையும் இழந்திருவமோண்டு பயமா ஈக்கிது."

மருதாயி கைகழுவின ஈரத்தை முந்தானையில் துடைத்தார். "நான் வர்றேங்க. பொம்பளைக்குப் பொம்பள பேசிப் பாக்குறேன்."

ஹாஜியாரின் லொறியில், அவருடைய மனைவியோடு, மகியங்கனை வழியாக மருதாயி கிழக்குக்குப் போனார். அதுவரை அவர் கடலைப் பார்த்ததில்லை. கண்டிக்கே வருடத்தில் ஓரிரு தரம்தான் வருவார். திரும்பி வந்ததும் அவரிடமும் ஹாஜியாரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் சொன்னது ஒன்றாகவே இருந்தது.

முதல் நாள் முழுவதும் மருதாயி அந்தக் கூடாரத்தில் உம்மாவுக்குப் பக்கத்தில் சும்மா இருந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் கூப்பிடவில்லை. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிதான் விளங்கியது. அடுத்த நாள் உம்மாதான் வாய் திறந்தார்.

"நீங்களும் பறிகொடுத்த ஆளாம். மகன் சொன்னான். கண்டெடுத்தாச்சா புள்ள?"

மருதாயி இதை என்னிடம் இப்படிச் சொன்னார். "ஆமான்னு சொல்ல எனக்கு நா எழும்பலீங்க ஐயா. அந்தம்மா மொகத்தப் பாத்துக்கிட்டு எப்பிடிங்க சொல்றது, எனக்குக் கெடச்சிருச்சுன்னு? 'இல்லம்மா, இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்'னு சொல்லிட்டேன்."

உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டதாம்.

"உங்கட மனுசன மண்ணுக்குள்ள விட்டுட்டு இங்க என்ன செய்றீங்க? யாரு அங்க பாத்துக்கொண்டு ஈக்கிற? எழும்புங்க, முதல்ல உங்கள ஊட்டுக்குக் கொண்டுபோய் விடணும்."

எத்தனை பேர் கெஞ்சியும் அசையாத அந்த அம்மா, மருதாயியின் கையைப் பிடித்துக்கொண்டு தானே லொறியில் ஏறினார். வழி நெடுக அந்தக் கையை விடவேயில்லை. திகனயில் மகன் வீட்டு வாசலில் இறங்கும்போது, "ஆண்டவன் உங்கட ஆளக் காட்டித் தரட்டும்" என்று துஆ செய்தாராம். மருதாயியும் "ஒங்க புள்ளயும் கெடைக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு மலைக்கு பஸ் ஏறினார்.

அந்தப் பெண் பிள்ளை கிடைக்கவேயில்லை. உம்மா அதன் பிறகும் பல வருடம் மகன் வீட்டில் இருந்தார். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் பேத்திக்காகக் கேட்பது போலவே, மலையில் மண்ணுக்குள் இருக்கும் பெருமாளுக்காகவும் கேட்பார் என்று ஹாஜியார் சொல்வார். பெயரையும் ஊரையும் சரியாகச் சொல்லித்தான் கேட்பாராம்.

சதாசிவம் ஐயாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். எழுதி அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"ஹாஜியாரின்ர தாய் பேப்பர் வாசிப்பாவோ?"

"இல்லை ஐயா. ஆனால் வாசித்துக் காட்ட வீட்டில் ஆள் இருக்கு."

"அப்ப வேண்டாம்" என்றார்.

சென்ற நோன்புப் பெருநாள் கழிந்து சில நாளில், உம்மா மவுத்தாகிவிட்டார் என்று திகனயிலிருந்து தகவல் வந்தது. ஜனாஸா அடக்கத்துக்குப் போனேன். பெண்கள் பக்கத்தில், சேலையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்தியபடி, நரைத்த தலையோடு மருதாயி உட்கார்ந்திருந்தார்.